ரி–த இடைவெளி: 40/27

"இயல்பு விகிதச் சுருதியில் எல்லாப் பஞ்சமங்களும் தூய்மையானவை" என்று சுருதி பற்றிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. சுரங்களை எளிய பின்னங்களால் அமைப்பது இயல்பு விகிதச் சுருதி; அதிர்வெண்கள் 3/2 விகிதத்தில் இருக்கும் சுர ஜோடி தூய பஞ்சமம். ஒன்று தப்பிவிட்டது: ரி–த ஜோடி. ச 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துப் பாருங்கள்: ரி (9/8) 270, ம (4/3) 320, த (5/3) 400. ரிக்கும் தவுக்கும் நடுவே கிடைப்பது 3/2 இல்லை, 40/27. அதாவது 702 சென்ட்டுக்கு (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) பதில் 680. தூய பஞ்சமத்தில் ஒன்றிப்போக வேண்டிய மேல் அதிர்வுகள் இங்கே விலகுகின்றன: ரியின் மும்மடங்கு 810, தவின் இருமடங்கு 800. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நொடிக்கு 10 விம்மல் (ஒலி ஏறி இறங்கும் துடிப்பு) அடிக்கும். மேற்கத்தியர் இதை 'ஓநாய்' என்பார்கள், பொருத்தமான பெயர்தான்.

தவை 405க்கு (27/16) ஏற்றினால் ரி–த அடங்கிவிடும். ஆனால் ம–த கெடும்: மவின் ஐமடங்கு 1600, தவின் நான்மடங்கு 1620 என்று நொடிக்கு 20 விம்மல். ரியை 10/9க்கு இறக்கினாலோ அதே 40/27 ப–மேல் ரி ஜோடிக்குப் போய்விடும். 405க்கும் 400க்கும் உள்ள 81/80 என்ற அந்த 21.5 சென்ட் எங்காவது இருந்தே தீரும். பாடகர் இடத்துக்கேற்ப தவை நகர்த்திக்கொள்வார், ஆர்மோனியக் கட்டைக்கு அந்த வசதி கிடையாது.

கீபோர்டில் சுரம்தோறும் சென்ட் மாற்ற முடிந்தால், கீபோர்டின் வழக்கமான சம இடைவெளிச் சுருதியிலிருந்து, ச 0 என வைத்து ரி +4, க −14, ம −2, ப +2, த −16, நி −12 கொடுங்கள். ரி–த சேர்ந்து ஒலிக்கும் இடம் அதிகமென்றால் தவை மட்டும் +6 ஆக்குங்கள். புல்லாங்குழல் ஒலியில் சோதிக்காதீர்கள், மேல் அதிர்வுகள் குறைவு என்பதால் விம்மல் சரியாகக் கேட்காது. ஆர்மோனியம் அல்லது வயலின் ஒலியில் உடனே பிடிபடும்.