கை தூக்கச் சொல்லி கேலி பண்ணின சாருக்கு

அபார்ட்மெண்ட் பொங்கல் விழா வீடியோ எல்லா குரூப்லயும் சுத்திட்டு இருக்கு, அதனால நடந்ததை முழுசா திரும்ப சொல்லப் போறதில்ல. ஆமா, முன் வரிசையில கை தூக்கின பையன் என் பையன்தான். மேடையில பேச வந்த சார் "வீடியோ கேம் விளையாடுறவங்க கை தூக்குங்க"ன்னாரு, தூக்கினான். தினம் எங்க வீட்டுக்கு வந்து அவன்கூட சேர்ந்து விளையாடுற பசங்க எல்லாம் பக்கத்துலயே சமர்த்தா கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தாங்க, அவங்களுக்கு கைதட்டல். உண்மையைச் சொன்னவனுக்கு "இந்த கட்டைவிரல்தான் நாளைக்கு சோறு போடப் போகுதா"ன்னு சாரோட ஒரு ஜோக். கீழ உக்காந்திருந்த நீங்களும் சிரிச்சீங்க, வீடியோல தெரியுது.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். என்ன கேம்டா விளையாடுறேன்னு யாராவது கேட்டீங்களா?

அவன் விளையாடுறது மைன்கிராப்ட், கட்டம் கட்டமா அடுக்கி வீடு, கோட்டைன்னு கட்டுற கேம். அதுல பாதாள உலகம் மாதிரி நெதர்னு ஒரு இடம் இருக்கு, அங்க ஒரு கட்டம் நடந்தா மேல உலகத்துல எட்டு கட்டம் போன கணக்கு. அப்போ மேல மேப் கணக்குல 800, மைனஸ் 240ங்கற இடத்துல வீடு இருந்தா கீழ எந்த இடத்துல வாசல் கட்டணும்? என் பையன் 100, மைனஸ் 30ன்னு நோட்டுல எழுதி வெச்சு கட்டுறான். வைரம் வேணும்னா மைனஸ் 59 ஆழத்துக்கு தோண்டிட்டுப் போகணும். ஸ்கூல்ல மைனஸ் நம்பர் பாடம் வந்தப்போ இவனுக்கு அது பழைய கதை. ரெட்ஸ்டோன்னு கரண்ட் மாதிரி ஒரு சமாச்சாரம், 15 கட்டம் தாண்டினா செத்துடும், நடுவுல அதுக்கு திரும்ப உயிர் குடுக்க ரிப்பீட்டர்னு ஒண்ணு வைக்கணும், அதை வெச்சு தானா திறக்கிற கதவு பண்ணிட்டு ராத்திரி என்னை எழுப்பி காட்டினான். எனக்கு தூக்கம் போச்சு, அது வேற விஷயம். இதையே மாசம் ஆயிரக்கணக்குல கட்டி கோடிங் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தா ஸ்டேட்டஸ் வெப்பீங்க.

இன்னொண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. அதே மேடையில அதே சார் பத்து நிமிஷம் கழிச்சு "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு கப்பல் விட்டது தெரியுமா"ன்னு உருகினாரு. என் பையன் மறுபடி கை தூக்கினான். மைக் அவன்கிட்ட வரவே இல்ல. அவனுக்கு அது எப்படித் தெரியும்? அவன் விளையாடுற இன்னொரு கேம், பழைய ராஜ்யங்களை வெச்சு போர் பண்ற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. அதுல 2022ல வந்த இந்திய ராஜ்யங்கள் பகுதியில ராஜேந்திரனுக்குன்னே ஒரு கதை வெச்சிருக்காங்க, திரிசடைன்னு கப்பல் எல்லாம் வரும். கேம்ல வர்றது பாதி கற்பனைதான், யாரு இல்லேங்கறா. ஆனா அதுக்கப்புறம்தான் "கடாரம் எங்கம்மா இருக்கு"ன்னு கேட்டான், மேப்ல மலேசியாவுல கெடாவைத் தேடினோம், லீவுல கங்கைகொண்ட சோழபுரம் போனோம், அங்க போய் ஒவ்வொரு சிற்பமா நின்னு பாத்து எங்க உயிரை எடுத்தான். பாடப் புத்தகத்துல அந்தப் பாடத்தை அவன் ஒப்பிச்சப்போ இப்படி ஒரு கேள்விகூட வரல.

சரி, "அடிக்‌ஷன் ஆயிடும் மேடம்"னு குரூப்ல கமெண்ட் வருது. உலக சுகாதார நிறுவனமே கேமிங் டிசார்டர்னு நோய்ப் பட்டியல்ல சேர்த்திருக்கு, எனக்கும் தெரியும். அதுல சொல்லியிருக்கறது வேற எல்லாத்தையும் விட்டுட்டு, கெடுதல்னு தெரிஞ்சும் நிறுத்த முடியாம விளையாடுறவங்களைப் பத்தி. சாப்பாட்டுக்கு கூப்பிட்டா "சேவ் பண்ணிட்டு வரேன்மா"ன்னு சொல்ற பையனைப் பத்தி இல்ல. "ரம்மில காசு போய் குடும்பமே போச்சே"ன்னு ஒருத்தர் கமெண்ட். அய்யா, அது காசு வெச்சு ஆடுற ஆட்டம், அதுக்கு இங்க தனிச் சட்டமே இருக்கு. பப்ஜியை 2020ல தடை பண்ணினாங்களேன்னு இன்னொருத்தர். அவன் பப்ஜி விளையாடல! என்ன கேம்னு கேளுங்கன்னுதானே மேல இருந்து கத்திட்டு இருக்கேன்? இதே பையன் இதே ஸ்க்ரீன்ல செஸ் விளையாடினா மட்டும் "அடுத்த குகேஷ்"னு தட்டிக் குடுப்பீங்க.

"நாங்கல்லாம் அந்தக் காலத்துல தெருவுல ஓடி விளையாடினோம்". விளையாடினீங்க, சந்தோஷம். பார்க்கிங்ல பால் விளையாடக் கூடாதுன்னு போர்டு மாட்டினது எந்த அசோசியேஷன்? சைக்கிள் ஓட்டினா கார்ல கீறல் விழும்னு வாட்ச்மேனை விட்டு விரட்டினது யாரு? வெளியிலயும் விடமாட்டீங்க, உள்ள உக்காந்தாலும் குத்தம்.

கடைசியில எல்லாம் எங்க வந்து நிக்கும்னு தெரியும்தானே. "வேலைக்குப் போற அம்மா, அதான் கையில கேமைக் குடுத்துட்டு போயிடுறா". இதை எழுதினது என் வீட்டு பொங்கலை ரெண்டு தடவை கேட்டு வாங்கி சாப்பிட்டவங்க. கம்ப்யூட்டர் வாங்கினது என் வீட்டுக்காரர், கேம் வாங்கிப் போட்டது அவர், ஞாயித்துக்கிழமை மகன்கூட உக்காந்து கோட்டை கட்டுறதும் அவர்தான், அவரைப் பாத்து ஒரு வார்த்தை ஒருத்தரும் கேக்கல. அவர் நல்ல அப்பா, பையன்கூட டைம் ஸ்பெண்ட் பண்றாராம். அப்போ நான் யாரு, கேட் கீப்பரா?

பையன் இப்போ "இனிமே யாரு கேட்டாலும் கை தூக்கமாட்டேன்"ங்கறான். நல்லா கத்துக் குடுத்தீங்க சார், பத்தே நிமிஷத்துல.

அப்புறம் "கண்ணு கெட்டுடும், சின்ன வயசுலயே கண்ணாடி வந்துடும்"னு டைப் பண்ண ஆரம்பிச்சிருக்கற அக்காமார்களுக்கு, அவன் ரெண்டாங்கிளாஸ்லயே கண்ணாடி போட்டுட்டான், அப்போ எங்க வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது.