பெயாத்ரீச்சே தாந்தே புனைந்த பெயரன்று

'பெயாத்ரீச்சே என்பது இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் கவிதைக்காகப் புனைந்த பெயர்' என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. 1265-இல் பிறந்த தாந்தேக்கு மிக முன்பே இத்தாலியில் அப்பெயர் வழக்கில் இருந்தது. 1076-இல் பீசாவில் மறைந்த தஸ்கனிச் சீமாட்டி பெயாத்ரீச்சே, ஆட்சியாளர் கனோசா மத்தில்தாவின் தாய். கிரேக்கப் புராணத்து ஃபேத்ராவும் இப்போலித்துசும் குதிரைகளும் செதுக்கப்பட்ட பழைய ரோமானியக் கல்பேழையில் அடக்கம் செய்யப்பட்ட அவரை, அப்பேழையை இன்றும் பீசாவின் கம்போசாந்தோ என்னும் கல்லறை வளாகத்தில் காண்பவர் யாரும் கற்பனைப் பெண் என்று சொல்லமாட்டார்.

பெயரின் வேர் இன்னும் பழையது. வழி எனப் பொருள்படும் 'வியா' என்ற இலத்தீன் சொல்லோடு தொடர்புடைய, 'பயணம் செல்பவள்' என்னும் பொருளுள்ள வியாத்ரிக்ஸ் என்ற பெயர், 'பேறு பெற்ற' எனப் பொருள்படும் 'பெயாத்துஸ்' என்ற சொல்லின் சாயலை ஏற்று, பெயாத்ரிக்ஸ் என்று திரிந்தது என்பதே அறிஞர் பலரும் ஏற்கும் விளக்கம். ரோமில் உயிர்துறந்த புனிதை ஒருவரின் பெயரும் இதுவே. அவர் விழா ஜூலை 29.

தாந்தே செய்தது வேறு, அதுவும் சிறிய செயலன்று: 1290-இல் இளவயதில் இறந்த, போர்த்தினாரி குடும்பத்தவர் என்று எழுத்தாளர் பொக்காச்சோ அடையாளம் காட்டும் ஃபிளாரன்ஸ் பெண்ணை, விண்ணுலகில் தம்மை வழிநடத்துபவளாக அவர் அமைத்தார்.