கடைமடையில் ஓர் ஆட்டக்காரன்

மூன்று வாரங்களாக, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு, அக்கா மகனோடு சேர்ந்து 'டோட்டா 2' என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறேன். நாற்பத்து நான்கு வயதில், உரக்கடையில் கணக்குப் பார்க்கிற ஒருவன் இதைப் பற்றிப் பதிவு எழுதுவதைக் கண்டு நண்பர்கள் சிரிக்கக்கூடும், சிரித்துவிட்டுப் படியுங்கள். இதுவரை 38 ஆட்டங்கள் ஆடி 15-இல் வென்றிருக்கிறேன். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடியவர்கள் நிறைந்திருக்கும் இடத்தில் இது ஒரு கணக்கே இல்லை. ஆனாலும் பழகிவிட்ட பிறகு எதுவும் கண்ணில் உறுத்தாது என்பதால், உறுத்தும்போதே எழுதி வைக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணிக்கு ஐவராக இரண்டு அணிகள். சதுரமான ஒரு நிலப்பரப்பின் குறுக்கே ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை. இரண்டையும் மூன்று பாதைகள் இணைக்கின்றன, பாதைகளுக்கு இடையே காடு. எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் மூலக்கட்டடத்தை முதலில் இடித்துத் தள்ளும் அணி வென்றது. 2003-இல் 'வார்கிராஃப்ட் 3' என்ற விளையாட்டுக்குள் ரசிகர்களே சொந்தமாகச் செய்துகொண்ட ஒரு மாற்றமாகத் தொடங்கிய இது, வால்வ் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2013 ஜூலையில் தனி விளையாட்டாக வெளியானது. தேர்ந்தெடுக்க 120-க்கும் மேற்பட்ட நாயகர்கள் இருக்கிறார்கள், அனைவரும் இலவசம். உடை, ஆயுத அலங்காரம் போன்றவற்றுக்குத்தான் காசு, அவற்றால் ஆட்டத்தில் பலம் கூடாது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2023-இல் நம் மாநிலத்தில் சட்டம் நடைமுறைக்கு வந்த காலத்திலிருந்து, திரைக்கு முன்னால் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்திருக்கும் எவனைப் பார்த்தாலும் என் அம்மாவுக்கு அடிவயிறு கலங்கும். முதல் நாளே பின்னால் வந்து நின்று, "ஏல, இதுல துட்டு கிட்டு போவுமா?" என்று கேட்டாள். போகாது என்று சொன்ன பிறகுதான் படுக்கப் போனாள்.

முதல் ஆட்டத்தில் என்னைக் கொன்றது ஒரு கொக்கி. பட்ஜ் என்றொரு நாயகன், கசாப்புக்காரன் தோற்றம், தொந்தியும் தையல் போட்ட உடம்புமாக இருப்பான். என் கண்ணுக்கே தெரியாத இருட்டிலிருந்து அவன் வீசிய சங்கிலிக் கொக்கி என்னைக் கோத்து அவன் காலடிக்கு இழுத்துப் போட்டது. "மாமா, அங்க நிக்காதிய, கொக்கி வரும்னு சொன்னேம்லா" என்றான் மருமகன். சொன்னான்தான். ஆனால் அந்த நேரத்தில் திரையில் எது நான், எது மற்றவன் என்பதே எனக்குப் புலப்படவில்லை. அன்றைக்கு மட்டும் பதினான்கு முறை செத்தேன். விளையாட்டுக்குள் இருக்கும் பயிற்சிப் பகுதி நடக்கவும் அடிக்கவும் கற்றுத் தருகிறதே ஒழிய, எப்போது நடக்கக் கூடாது என்பதைக் கற்றுத் தருவதில்லை. அதைச் சொல்லித்தர வீட்டில் ஒரு மருமகன் வேண்டும். இதை இந்த விளையாட்டின் பெரிய குறையாகவே சொல்வேன்.

முதல் வாரம் முழுவதும் இதைச் சண்டை என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டாம் வாரத்தில்தான் இதன் அடியில் ஓடுவது பங்கீடு என்பது உறைத்தது. 30 வினாடிக்கு ஒருமுறை ஒவ்வொரு பாதையிலும் 'கிரீப்' எனப்படும் சிறு படை புறப்பட்டு வருகிறது. தொடக்கத்தில் மூன்று பேர் கைகலப்புக்கு, ஒருவன் தூரத்திலிருந்து எறிய. எதிரியின் கிரீப்பை யார் எவ்வளவு அடித்தாலும், அதன் உயிர் போகும் கடைசி அடி யாருடையதோ அவனுக்குத்தான் பொன். இதை 'லாஸ்ட் ஹிட்' என்கிறார்கள். நம் பக்கத்துக் கிரீப்பின் உயிர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டால், அதை நாமே அடித்துக் கொன்று, எதிரிக்கு அந்தப் பொன் கிடைக்காமல் செய்துவிடலாம். பொன் இருந்தால்தான் ஆயுதம், ஆயுதம் இருந்தால்தான் பின்னால் வரும் பெரிய சண்டையில் நிற்க முடியும். ஒரு நிமிடத்தில் இந்த நிலப்பரப்பு தரக்கூடிய பொன்னுக்கு ஓர் அளவு உண்டு, அதைக் கேட்டு நிற்பவர்களோ ஐந்து பேர்.

ஐவருக்கும் சமமாகப் பிரித்தால் தோற்பது பெரும்பாலும் உறுதி. அதனால் ஆடுகிறவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை எண் வைத்து வரிசை வகுத்திருக்கிறார்கள். ஒன்றாமவன் 'கேரி', முதல் பொன் அவனுக்கு. நான்காமவனும் ஐந்தாமவனும் 'சப்போர்ட்'. மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம் சொச்சம்தான் அவர்களுக்கு. மருமகன் இதை விளக்கியபோது எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தலைமடை, கடைமடை பற்றி யார் சொல்ல வேண்டும்? பழவூர் அணைக்கட்டில் பிரிகிற பாளையங்கால்வாயின் வால்பகுதியில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் இருந்தது. பிசானப் பருவத்தில், மேலே உள்ள வயல்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகு எங்கள் மடைக்கு வரும் தண்ணீருக்காக, அப்பா இரவு இரண்டு மணிக்கு டார்ச்சும் மண்வெட்டியுமாகப் புறப்பட்டுப் போவார். திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு இருந்தால் தண்ணீர் வந்தது என்று அர்த்தம். கால் காய்ந்திருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம். அந்தக் கால்களைப் பார்த்து வளர்ந்த நான், விளையாட்டில் எந்த இடம் வேண்டும் என்று கேட்டதும், யோசிக்காமல் ஐந்தாம் இடத்தை எடுத்துக்கொண்டேன்.

என் நாயகி கிரிஸ்டல் மெய்டன், பனியை ஆளும் ஒரு பெண். அவள் நடை ஆமை வேகம், உடம்பில் வலு இல்லை, யார் தொட்டாலும் விழுந்துவிடுவாள். ஆனால் அவள் களத்தில் இருக்கும்வரை அணி முழுவதற்கும் மந்திர சக்தி சற்று வேகமாக ஊறிக்கொண்டே இருக்கும். எதிரி ஒருவனை நின்ற இடத்திலேயே பனியால் கட்டிப்போடவும் அவளால் முடியும். இவற்றோடு என் முக்கியமான வேலை 'வார்டு' நடுவது. வார்டு என்பது கண் போன்ற ஒரு காவல் கம்பம்; நட்ட இடத்தைச் சுற்றி 6 நிமிடம் நமக்குப் பார்வை கிடைக்கும், பிறகு அழிந்துவிடும். மேட்டில் நிற்பவன் பள்ளத்தைப் பார்க்கலாம், பள்ளத்தில் நிற்பவனுக்கு மேடு தெரியாது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை பகலும் இரவும் மாற, இரவில் நாயகர்களின் பார்வை சுருங்கிவிடும். இந்த நிலையில் ஆற்றங்கரை மேட்டில் நட்ட ஒரு கம்பம் ஒரு படைக்குச் சமம். எதிரியும் சும்மா இருப்பதில்லை. மறைந்திருக்கும் வார்டைக் காட்டிக்கொடுக்கும் வேறொரு வார்டை நட்டு, நம்முடையதைப் பிடுங்கிவிடுவான். ஆகவே எல்லோரும் நடுகிற இடத்தில் நடாமல், நாலடி தள்ளி, மரத்துக்குப் பின்னால் நட வேண்டும். மற்றவர்கள் சண்டை போடுவதைவிட, இருட்டில் தனியாகப் போய்க் கம்பம் நட்டு, யார் கண்ணிலும் படாமல் திரும்புவதுதான் எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த பகுதி.

போன புதன்கிழமை ஆட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முப்பத்தைந்தாவது நிமிடம், எங்கள் கேரி எதிரியின் காட்டுக்குள் தனியாகப் பொன் சேர்த்துக்கொண்டிருக்கிறான். ஆற்று மேட்டில் நான் நட்ட வார்டில் மூன்று பேர் அவனை நோக்கி வருவது தெரிந்தது. வரைபடத்தில் அந்த இடத்தை மூன்று முறை தட்டி எச்சரித்தேன்; அவனும் திரும்பினான், ஆனால் ஓடித் தப்பிக்கத் தூரம் போதாது. குறுக்கே போய் முன்னால் வந்தவனைப் பனியால் கட்டினேன். மூன்று பேரும் என் மேல் பாய்ந்தார்கள். நான் விழுவதற்குள் கேரி போய்விட்டான். சேர்த்த பொன்னோடு அவன் வாங்க வேண்டிய ஆயுதத்தை வாங்கி வந்தான், அடுத்த சண்டையில் அதே மூவரும் சரிந்தார்கள், பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. இறுதிப் பட்டியலில் என் பெயருக்கு நேரே இருந்தது: கொன்றது 2, செத்தது 11, உதவியது 24. "மாமா, இந்த ஆட்டத்த நீங்கதான் ஜெயிச்சிக் குடுத்திய" என்றான் மருமகன். மரியாதைக்குச் சொன்னானா, உண்மையாகவே சொன்னானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அதற்குள் அடுத்த ஆட்டத்துக்குத் தேடத் தொடங்கியிருந்தான்.

தலைமடைக்காரன் எல்லாம் எடுத்துக்கொண்டு, சண்டைக்கு வராமல் காட்டிலேயே கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டேன். அப்படிப்பட்ட ஆட்டங்களில்தான் திட்டு அதிகம், அதுவும் திட்டுபவன் பெரும்பாலும் அந்தத் தலைமடைக்காரனேதான். முகம் தெரியாதவர்கள், பல மொழிகளில், தாயையும் தமக்கையையும் இழுத்துப் பேசுகிறார்கள். புகார் செய்ய வழி உண்டு, நடத்தைக்கு மதிப்பெண்கூட உண்டு, இருந்தும் ஓயவில்லை. நான் இப்போது அணியில் உள்ள மற்றவர்களின் குரலை முதல் நிமிடத்திலேயே அடைத்துவிட்டு, மருமகன் குரலை மட்டும் கேட்டு ஆடுகிறேன்.

மின்வெட்டையும் இந்த விளையாட்டு மன்னிப்பதில்லை. போன வாரம் நல்ல ஆட்டத்தின் நடுவில் கரண்டு போனது. இன்வெர்ட்டரில் விளக்கும் மின்விசிறியும் ஓடின. மோடத்துக்கு இணைப்பு கொடுக்கவில்லை. தொடர்பு அறுந்து 5 நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட்டவன் என்று குறித்துவிடுகிறார்கள், அதற்குத் தண்டனையும் உண்டு. பாதியில் ஓடுகிறவர்களுக்காக வைத்த விதி என்பதால் விதி சரிதான். ஆனால் ஓடியவனையும் கரண்டு போனவனையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இந்த விளையாட்டில் 2022-இல் பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் இ-ஸ்போர்ட்ஸ் போட்டியில் இந்திய அணி வெண்கலம் வென்றிருக்கிறது என்ற செய்தியை அம்மாவிடம் சொன்னேன். "அவுகளும் ராத்திரி தூங்காமத்தான் ஆடுனாவளா?" என்று மட்டும் கேட்டாள். நேற்று எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி, மோடத்துக்கும் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்தாயிற்று.