பிறந்த வீட்டு ஹெரால்டு

(குரோம்பேட்டையில் ஒரு வீட்டு போர்ட்டிகோ. ஞாயிறு காலை. 1964-ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, முகத்தைத் தரையை நோக்கிக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் பானெட்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் ஜாதி. திறந்து வைத்தால், வண்டி யார் காலிலோ விழுந்து ஆசி கேட்பதுபோல் இருக்கும். முன் டயர்மேல் சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார் மங்களம். பத்து நாள் கோவையில் மகள் வீட்டில் இருந்துவிட்டு நேற்றுதான் திரும்பியிருக்கிறார். பக்கத்தில் டார்ச்சுடன் கணவர் சபாபதி, கணக்குப் பிரிவில் 34 வருடம் இருந்து ரிட்டயர் ஆனவர்.)

மங்களம்: என்னங்க, டார்ச்சை இன்ஜின்மேல் அடியுங்கள். என் முகத்தைப் பார்த்தது போதும்.

சபாபதி: எங்கே அடித்தாலும் ஒரே சூடாகத்தான் இருக்கிறது.

மங்களம்: அரை இஞ்ச் ஸ்பானர் கொடுங்கள்.

சபாபதி: இந்தா.

மங்களம்: இது 13-ஆம் நம்பர்.

சபாபதி: அரை இஞ்ச் என்றால் 12.7 எம்.எம். ரவுண்ட் பண்ணி 13 கொடுத்தேன்.

மங்களம்: நீங்கள் கணக்கை ரவுண்ட் பண்ணுவீர்கள், அது போல்ட் தலையை ரவுண்ட் பண்ணிவிடும். அதென்ன, வலது சக்கரத்துக்குக் கீழே இவ்வளவு பெரிய கறை?

சபாபதி: பூனை.

மங்களம்: பூனையா? பெருங்காய டப்பாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு வாடை வேறு வருகிறதே.

சபாபதி: வயதான பூனை.

மங்களம்: சரி, சாவியைப் போடுங்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்.

(படார்! சைலென்சர் வழியாக ஒரு தீபாவளி. எதிர்வீட்டு நாய் மாடிக்கு ஓடுகிறது. இன்ஜின் நாலு தடவை குலுங்கி நின்றுவிடுகிறது.)

மங்களம்: ஐயோ! ஊருக்குப் போகும்போது பூ மாதிரி ஓடிக்கொண்டிருந்ததே! யார் கை வைத்தது?

சபாபதி: கை வைக்கவில்லை. துடைத்தேன்.

மங்களம்: எதை?

சபாபதி: பிளக் வயரை. நாலும் ஒரே தூசி. கழற்றி, சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்து, காயவைத்து, திரும்ப வரிசையாக மாட்டினேன்.

மங்களம்: வரிசையாக என்றால்?

சபாபதி: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முன்பு எவனோ ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று மாற்றி மாட்டியிருந்தான். வவுச்சர் வரிசை தப்பினால் சும்மா விடுகிற ஆளா நான்?

மங்களம்: அந்த எவனோ என் அப்பா.

சபாபதி: மாமாவா? அவர் பெரிய மனிதர். அவசரத்தில் மாட்டியிருப்பார்.

மங்களம்: அவர் சரியாகத்தான் மாட்டினார். இந்த இன்ஜின் வெடிக்கிற வரிசையே 1-3-4-2. ஒன்றாவது பிஸ்டனும் நாலாவதும் சேர்ந்து ஏறும். அப்போது நடுவில் இருக்கிற இரண்டும் இறங்கும். கும்மி அடிப்பவர்கள் மாதிரி. நீங்கள் போய் எல்லோரையும் ரேஷன் கடை கியூவில் நிற்க வைத்திருக்கிறீர்கள். ஒன்றாம் நம்பர் வயர் மட்டும்தான் இடத்தில் இருக்கிறது.

சபாபதி: நாலில் ஒன்று சரி. 25 சதவீதம்.

மங்களம்: பாஸ் மார்க் 35. தள்ளுங்கள்.

(வயர்களை மாற்றுகிறார். இந்த முறை ஒரே சாவியில் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. 948 சிசி, தையல் மெஷின் சத்தம். மங்களம் கண்ணை மூடிக் கேட்கிறார். சபாபதியும் பாதுகாப்புக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறார்.)

மங்களம்: கேட்டீர்களா? இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த வண்டி. இங்கிலாந்தில் இது டிரையம்ப். நம் பெருங்களத்தூர் பக்கம் செய்தபோது ஸ்டாண்டர்டு. ஒருநாள் இதை அது பிறந்த இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

சபாபதி: மூன்று ஸ்டேஷன்தானே? டிரெயினில் போய் நீ மட்டும் பார்த்துவிட்டு வா. உன் பிறந்த வீட்டிலிருந்து வந்த வண்டிக்குப் பிறந்த வீட்டு ஏக்கம் வேறா? இதைக் கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஒரு ஊஞ்சல் போடலாம்.

மங்களம்: 50 வருடம் தாண்டிய வண்டி வின்டேஜ் என்று 2021-இல் மத்திய அரசே விதி கொண்டுவந்துவிட்டது. யாரும் கொடுத்துவிட மாட்டார்கள்.

சபாபதி: எனக்கும்தான் 67 ஆகிறது. எனக்கு ஒரு விதி கொண்டுவந்தார்களா?

மங்களம்: ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும் என்பதும் விதி. உங்களுக்குப் பல் செட், கண்ணில் லென்ஸ். ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்ள மாட்டார்.

(இன்ஜினை நிறுத்திவிட்டு மங்களம் குனிகிறார். குரல் மாறுகிறது.)

மங்களம்: என்னங்க, இடது சக்கரத்துக்குப் பின்னால் மஞ்சளாக, லட்டு மாவு மாதிரி பிதுங்கிக்கொண்டு நிற்கிறதே, அது என்ன?

சபாபதி: அதுவும் ஒரு நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

மங்களம்: கிரீஸா?

சபாபதி: நீயே அங்கே ஒரு நிப்பிள் மாட்டி வைத்திருக்கிறாய். நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடிக்கத்தானே? பக்கத்து வீட்டில் கிரீஸ் கன் கடன் வாங்கி அடித்தேன்.

மங்களம் (தரையிலேயே உட்கார்ந்து): அது டிரனியன், முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடுகிற பித்தளை மூட்டு. சக்கரம் திரும்புகிறபோது அந்தப் பித்தளைக்குள் மரை ஓடும். ஆயில்தான் மரை மரையாக இறங்கி அடிவரை போகும். கிரீஸ் மேலேயே உட்கார்ந்து கெட்டியாகிவிடும். உள்ளே துருப்பிடித்து இறுகி, ஒருநாள் முறிந்து, சக்கரம் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும். அப்பா எனக்கு நகை போட்டாரோ இல்லையோ, இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பினார்: "டிரனியனுக்கு கிரீஸைக் காட்டாதே. 90 நம்பர் கியர் ஆயில் மட்டும்."

சபாபதி: 90 நம்பரா?

மங்களம்: ஆமாம்.

சபாபதி: ஷெல்ஃபில் இருக்கிற சிவப்பு டப்பாவில் 90 என்று எழுதியிருக்கிறதே, அது விலை இல்லையா?

மங்களம்: அதை என்ன செய்தீர்கள்?

சபாபதி: இடது பக்கம் முடிப்பதற்குள் கிரீஸ் தீர்ந்துவிட்டது. வலது பக்கத்துக்குப் புதிதாக வாங்குவானேன், இந்த டப்பா 90 ரூபாய்தானே, போனால் போகட்டும் என்று கன்னில் ஊற்றி அடித்தேன். நாற்றம் தாங்கவில்லை. தரையெல்லாம் வழிந்தது. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மங்களம்: பூனை!

சபாபதி: பூனைதான்.

மங்களம்: ஆசையாகச் செய்தது தப்பு, கஞ்சத்தனமாகச் செய்தது சரி. இப்போது இடது பக்கத்தைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்ப ஆயில் விட வேண்டும். மரை தேய்ந்திருந்தால் புதுப்பேட்டை பழைய வண்டி சாமான் கடைகளில் போய்த் தேட வேண்டும்.

சபாபதி: வலது பக்கம் சரியாகத்தானே இருக்கிறது? வலது பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பெருங்களத்தூர் போய்விட்டால்?

மங்களம்: இந்த வண்டி 25 அடிக்குள் முழு வட்டம் போடும். வலது பக்கமாகவே திரும்பினால் இதே போர்ட்டிகோவுக்குத்தான் வந்து சேர்வோம். எழுந்து போய் ஜாக்கை எடுத்து வாருங்கள்.

சபாபதி: ஜாக்கா?

மங்களம்: ஏன், என்ன ஆயிற்று?

சபாபதி: மாடியில் இருக்கிறது. பெயிண்ட் இன்னும் காயவில்லை.