ஒரு சின்ன பேஸ் ஆம்ப் கேட்டது குற்றமா?

பேஸ் கிடார், அதாவது அடி நாதத்துக்கான கிடார், வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அதன் சத்தத்தைக் கூட்டித் தரும் ஸ்பீக்கர் பெட்டி, அதுதான் ஆம்ப், இன்னும் வாங்கிய பாடில்லை. கும்பகோணத்தில் கேட்டால், "கிடார் ஆம்ப் இருக்கு தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார்கள். எப்படி ஒன்றாகும்? சாதாரண கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 தடவை அதிரும்; பேஸில் அது 41. சரியாகப் பாதி! கிடார் ஆம்ப்பில் இதை மாட்டிச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழிந்தாலும் கிழியும்.

தஞ்சாவூரில் ஒரு கடையில் வாசித்தே பார்த்தேன். தொப்பியில், அதாவது அடி நாதம் தரும் பக்கத்தில், ரவை ஒட்டாத மிருதங்கம் மாதிரி டக் டக் என்றது. அடியில் நாதமே இல்லை. தெருவுக்குத் தெரு மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது தெரியாதா?

10 வாட் போதும் என்கிறான் ஒருவன். 25-க்குக் கீழே தொடாதே என்கிறான் இன்னொருவன். கையில் தூக்க முடிகிற பெட்டியில் அடி நாதம் இல்லை. அடி நாதம் இருக்கிற பெட்டியோடு மாயவரம் பஸ்ஸில் ஏற முடியாது. பேட்டரியில் ஓடுவது இருக்கிறதா என்றால் முழிக்கிறார்கள். சாயங்காலம் கரண்ட் போனால் நான் எதில் வாசிப்பது? சரி, திருச்சிக்குப் போ, சென்னைக்குப் போ. ஒரு பெட்டிக்கு எத்தனை ஊர் அலைவது?

அப்புறம் எல்லோரும் சொல்வது, ஹெட்போனில் வாசி. ஹெட்போனில் நெஞ்சுக்கூடு அதிருமா? திண்ணையில் உட்கார்ந்து அந்தத் தடித்த கம்பியை ஒரு தட்டு தட்டினால் அது நெஞ்சில் வந்து இறங்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்!