லிவர் இருக்கிறது, ஷாஃப்ட் எங்கே?

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தேன். நேற்று மச்சான் வந்து, "வண்டிக்கு முன்னாடி பெரிய கம்பி பம்பர் ஒண்ணு போட்டா கெத்தா இருக்கும்" என்றதும் கத்திவிட்டேன். அவன் பாவம். நான் கத்த வேண்டிய ஆட்கள் வேறு.

எங்கள் முந்திரித் தோப்பு திருச்செந்தூர்ப் பக்கம், தேரி ஓரத்தில் இருக்கிறது. தேரியில் நடந்தவர்களுக்குத் தெரியும், கால் வைத்தால் கணுக்கால் வரை உள்வாங்கும் செம்மணல். ஆடிக் காற்றில் நேற்றுப் போன தடம் இன்றைக்கு இருக்காது. சாதா வண்டி உள்ளே போனால் டிராக்டரை வைத்துத்தான் இழுக்க வேண்டும். அதனால்தான் பழைய பொலிரோ கேம்பர், 2011 மாடல், நாலு வீல் டிரைவ் வண்டியாகத் தேடிப் பிடித்தேன். அதற்காகவே 40,000 ரூபாய் கூடக் கொடுத்தேன். விற்றவர் முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கிற லிவரைத் தள்ளிக் காட்டினார், 'டக்' என்று விழுந்தது. பின்கதவில் ஃபோர் பை ஃபோர் ஸ்டிக்கர் பளபளத்தது. தார் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்த மடையன் நான்.

முதல் நாள் தோப்புக்குள் இருபது அடி போயிருப்பேன். பின்சக்கரங்கள் குழி தோண்டி உட்கார்ந்துவிட்டன. முன்சக்கரங்கள் நந்தி மாதிரி அசையாமல் கிடந்தன. மண்ணில் படுத்து எட்டிப் பார்த்தால், இன்ஜின் இழுப்பை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற முன் ஷாஃப்டே இல்லை! இழுப்பை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பர் கேஸ் பெட்டியில், ஷாஃப்ட் மாட்ட வேண்டிய வாயைத் தகரம் வெட்டி மூடி, சுற்றிலும் எம்சீல் பசை அப்பி, அதன் மேல் கறுப்பு பெயின்ட் வேறு அடித்திருந்தார்கள். எவ்வளவு அக்கறை!

அந்த வண்டியைப் பல வருடம் பார்த்த மெக்கானிக்கைத் தேடிப் போய்க் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொல்கிறார்: "அது சும்மா சுத்திக்கிட்டுக் கெடக்கும் அண்ணாச்சி, டீசலைக் குடிக்கும். மைலேஜுக்காக நாந்தான் கழட்டிப் போட்டேன்." லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கூடியது என்று கேட்டேன். "கூடும் அண்ணாச்சி." அவ்வளவுதான் பதில். கழற்றிய ஷாஃப்டை அப்போதே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

சரி, சென்னைக்குப் போய், பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் அலைந்து ஒரு ஷாஃப்ட் வாங்கி வந்தேன். மாட்டப் போகும்போது நண்பர் ஒருவர், "முதலில் ரேஷியோவைப் பார்" என்றார். நியூட்ரலில் போட்டு, ஜாக்கியில் தூக்கி, ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கச் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ, முன்னும் பின்னும் அது ஒன்றாக இருக்க வேண்டும். முன்பக்கம் ஷாஃப்ட் இல்லாததால், அது முன்னச்சில் மாட்டுகிற முனையில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணினேன். முன்னால் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு, பின்னால் நாலேகாலுக்குக் கொஞ்சம் கூட. மூன்று தடவை எண்ணியும் அதேதான். எப்போதோ பின்னச்சுக்குள் இருக்கிற பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் உடைந்தபோது, கையில் கிடைத்த டூ வீல் டிரைவ் பொலிரோவின் செட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள். இப்படியே ஷாஃப்டை மாட்டி லிவரைத் தள்ளினால் முன்னச்சு ஒரு வேகத்துக்கும் பின்னச்சு ஒரு வேகத்துக்கும் இழுக்கும். கெட்டித் தரையில் ஏதாவது ஒன்று முறுக்கி உடைகிற வரை விடாது.

வண்டியின் பாதி உயிரை உருவிவிட்டார்கள், ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் மேலே எதை மாட்டலாம் என்றுதான் சொல்கிறான். கம்பி பம்பர் கூடாது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லியாயிற்று. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது, ஆறு மாதம் வரை உள்ளே போடவும் இடமுண்டு. மஞ்சள் போர்டு வண்டி, வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு வேறு போக வேண்டும். இத்தனை வருடமும் ஷாஃப்ட் இல்லாமலே எஃப்.சி. வாங்கியிருக்கிறது என்பது தனிக் கதை.

ஸ்பிரிங் பட்டைக் கடைக்காரர் இன்னொரு ரகம். பின்னால் இரண்டு பட்டை சேர்த்தால் நாலு இஞ்ச் தூக்கிவிடலாமாம். தூக்கலாம். அப்புறம் பட்டை விறைத்துப்போய், மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற சக்கரம்தான் சுற்றும், மண்ணில் இருப்பது சும்மா நிற்கும். ஷாஃப்டின் சாய்வு கூடி அதன் மூட்டான கிராஸ் சீக்கிரம் போகும், பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடும். இதைச் சொன்னால், "எத்தனையோ வண்டிக்குப் பண்ணியிருக்கோம்" என்கிறார். பண்ணியிருப்பீர்கள் ஐயா, செங்கல் ஏற்றுகிற வண்டிக்கு!

மணலுக்குக் காசு செலவில்லாத வைத்தியம் டயரில் காற்றை இறக்குவது. வெறும் வண்டிக்கு 18 பி.எஸ்.ஐ. வைத்தால் டயர் பரந்து மணல் மேலே மிதக்கும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். பஞ்சர் கடைத் தம்பியிடம் 18 என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு 45 வைத்து அனுப்பினான்.

இப்போது வண்டி கொட்டகையில் கட்டை மேல் நிற்கிறது. முன்னச்சுக்குப் பொருந்துகிற பின் கிரவுன் பினியன் செட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பல்லை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காசு தருவேன். எல்.இ.டி. லைட் இருக்கிறது என்று மட்டும் யாரும் வராதீர்கள்.