கசாண்ட்ரா வாய் திறக்கும் வரை

கல்லூரியில் எங்களுக்குக் கிரேக்கத் துன்பியல் நாடகம் சொல்லிக்கொடுத்த விதத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. விதி, நாயகனின் பிழை, கதார்சிஸ் (இரக்கமும் அச்சமும் எழுந்து மனம் தெளிவது) என்று மூன்று குறிப்புகள். அவற்றை மனப்பாடம் செய்து தேறிவிட்டோம். இதெல்லாம் ஆட்கள் நின்று நடித்த நாடகம் என்பதே மனதில் பதியவில்லை.

இப்படிப்பட்ட குறிப்புகளுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் தத்துவஞானி அரிஸ்டாட்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். துன்பியல் நாடகம் பற்றி அவர் ‘கவிதையியல்’ எழுதியதே நாடகாசிரியர் எஸ்கிலஸ் இறந்து நூறாண்டு கடந்த பிறகுதான். முதலில் கேட்க வேண்டியது, இந்த வரியைப் பேசும்போது மேடையில் வேறு யார் நிற்கிறார்கள், யார் பேசாமல் நிற்கிறார்கள் என்பது. நமக்குக் கிடைத்திருக்கும் பிரதிகளில் மேடைக் குறிப்பு கிடையாது. எல்லாவற்றையும் வசனத்திலிருந்துதான் தேடி எடுக்க வேண்டும்.

எஸ்கிலஸின் ‘அகமெம்னான்’, கி.மு. 458. ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில், பட்டப்பகலில், ஆயிரக்கணக்கானோர் முன்னால் நடக்கிறது. நடிகர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் முகமூடி. ட்ராய் நகரை வென்ற அரசன் அகமெம்னான் தேரில் வருகிறான், கூடவே அங்கே சிறைபிடித்த இளவரசி கசாண்ட்ரா. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவி கிளைட்டம்னெஸ்ட்ரா விரித்த செந்நிறத் துணிமேல் நடந்து உள்ளே போகிறான். இவள் அப்படியே இருக்கிறாள். கிளைட்டம்னெஸ்ட்ரா திரும்ப வந்து இவளையும் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. மொழி புரியாவிட்டால் கையால் சைகையாவது காட்டு என்கிறாள். அதற்கும் அசைவில்லை. எரிச்சலோடு போய்விடுகிறாள். வசனமே இல்லாத துணைப் பாத்திரம் போலிருக்கிறது என்று பார்ப்பவர்கள் முடிவுகட்டியிருப்பார்கள். வந்து ஏறத்தாழ முந்நூறு வரிகள் கழித்துத்தான் அவள் வாய் திறக்கிறாள். வருவது சொல்கூட இல்லை. ‘ஒதொதொதொதொய்’ என்று ஒரு ஓலம்.

புத்தகத்தில் அந்த முந்நூறு வரியிலும் கசாண்ட்ரா நம் கண்ணுக்கே தெரிவதில்லை. போன மாதம் நண்பர்கள் ஐந்து பேர் மொட்டை மாடியில் உட்கார்ந்து அதைச் சத்தமாக வாசித்தோம். கசாண்ட்ராவாக இருந்த தோழி தன் முறை வரும்வரை சுவரோரம் அசையாமல் நின்றாள். பேசிக்கொண்டிருந்தவனை விட்டுவிட்டு நாங்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றுதான் அந்தக் காட்சி எனக்குப் பிடிபட்டது.

இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான யூரிபிடிஸின் ‘பக்கைகள்’ (டயோனிசஸ் தெய்வத்தின் பக்தைகள்) நாடகத்தையும் இப்படிப் படித்துப் பாருங்கள். பேசும் பாத்திரங்கள் அத்தனையையும் மூன்றே நடிகர்கள்தான் பகிர்ந்துகொள்வார்கள். அரசன் பென்தியூஸாக நடித்தவரே பிறகு அவன் தாய் அகவேயாகவும் வந்திருப்பார் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பித்தேறிய அகவே, மகனைக் கொன்று அவன் தலையை ஏந்தி வருகிறாள். சிங்கத்தின் தலை என்று நினைத்துப் பெருமைப்படுகிறாள். அவள் தந்தை கட்மஸ் முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்கிறார், பிறகு கையில் இருப்பதை. அந்தத் தலைக்குப் பென்தியூஸின் முகமூடியைத்தான் பயன்படுத்தியிருப்பார்கள். சற்று முன் தான் அணிந்திருந்த முகத்தை இப்போது அந்த நடிகர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இது யாருடையது என்று பார்க்கிறார்.